எழுத்து வரைந்த பொறியாளரும் செலண்டார்ப் பிள்ளைகளும்

மேக் கணினி வைத்திருப்பவர்கள் அதன் எழுத்துருப் பட்டியலைத் திறந்து பார்க்கலாம். தமிழ் எம்.என்., சிங்களம் எம்.என்., மலையாளம் எம்.என்., மியன்மார் எம்.என்., லாவ் எம்.என்., கெமர் எம்.என். என்று வரும். அந்த ‘எம்.என்.’ ஒரு மலேசியத் தமிழரின் பெயரெழுத்துகள். முத்து நெடுமாறன், செம்பனை சூழ்ந்த கேரித்தீவில் வளர்ந்தவர். அங்கே தமிழாசிரியராக இருந்த கவிஞர் முரசு நெடுமாறனின் மகன். படித்தது பொறியியல். எழுத்து வரையும் கலை அவர் தாமாகக் கற்றுக்கொண்டது.

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில் உள்ள செலண்டாரிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்கு இவரைத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். படம் வரைகிற பிள்ளையை, பாட்டுக் கட்டுகிற பிள்ளையை, இரவெல்லாம் கைப்பேசியில் காணொளி வெட்டி ஒட்டுகிற பிள்ளையைப் பார்த்து, “இது சோறு போடுமா?” என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியை நான் குறை சொல்ல மாட்டேன். தோட்டம் கைமாறியபோது வேலையோடு வீட்டையும் இழந்த குடும்பங்களின் கேள்வி அது. மாதச் சம்பளம், ஊழியர் சேமநிதி, சொக்சோ என்று ஒரு பிடிமானம் கிடைக்க இரண்டு தலைமுறை பட்ட பாடு அதற்குள் இருக்கிறது. ஆனால் பொழுதுபோக்கையும் வேலையையும் எதிரெதிரே நிறுத்தி, ஒன்றைத் தேர்ந்தெடு என்று பிள்ளையிடம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. முத்து நெடுமாறன் எதையும் விட்டுவிட்டு ஓடவில்லை. பன்னாட்டுக் கணினி நிறுவனங்களில் வேலை பார்த்தபடியே எழுத்துகளை வரைந்தார்.

முரசு அஞ்சல் என்னும் அவருடைய தமிழ் மென்பொருள் 1985இல் பிறந்தது. அந்தக் காலத்துத் திரையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒதுக்கிய இடம் எட்டு அல்லது ஒன்பது புள்ளி அகலம்தான். அதற்குள் ‘ண’வின் சுழிகளை அடக்கிப் பாருங்கள், ‘ஞ’வை எழுதிப் பாருங்கள். இன்னொரு நெருக்கடியும் இருந்தது. கணினிக்குள் எழுத்துகளுக்கு இருந்த இடங்கள் 256. அவற்றில் முதல் பாதி ஆங்கிலத்துக்குப் போய்விடும். நம் எழுத்துகளோ 247. ஆகவே கொம்பையும் காலையும் தனித்தனியே ஒருமுறை வரைந்துவைத்து, ‘கொ’, ‘மொ’ என்று தேவைப்படும் இடத்தில் சேர்க்க வேண்டும். உகர வரிசையில் அதுவும் செல்லாது. கு, ஙு, சு, ஞு என்று ஒவ்வொன்றும் ஒரு விதமாக வளைவதால் தனித்தனியே வரைந்தாக வேண்டும். எதை உடைப்பது, எதை முழுதாக விடுவது என்று தீர்மானிக்க எழுத்தின் அழகும் தெரிய வேண்டும், இயந்திரத்தின் குணமும் தெரிய வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க அப்போது பள்ளியும் இல்லை, ஆசிரியரும் இல்லை.

அவர் தனியாளும் அல்லர். சிங்கப்பூரில் கதை எழுதிக்கொண்டிருந்த ஆசிரியர் நா. கோவிந்தசாமி கணினியைத் தாமே கற்று, ‘கணியன்’ என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கி, தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவரானார். சுவிட்சர்லாந்தின் லொசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை வரைந்தார்; 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் எல்லார்க்கும் இலவசமாக்கினார். அவர் கடைசிவரை வேதியியலாளர்தான். பொழுதுபோக்கு அவருக்கு வேலையாகவில்லை. வேலைக்குப் பக்கத்தில் இன்னொரு வாழ்க்கையாக நின்றது. அதையும் வெற்றி என்றே கணக்கில் வைக்கிறேன். முத்துவுக்கோ அது வேலையையே மாற்றிவிட்டது. 2005 சனவரியில் சிங்கப்பூரில் செல்லினம் என்ற அவருடைய செயலி அறிமுகமாகி, கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப முடிந்தது. தமிழுக்காக வரையத் தொடங்கிய கை, பிறகு கெமருக்கும் லாவுக்கும் வரைந்தது.

மூவரையும் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகப் படுகிறது. அவர்கள் செய்ததற்கு முதல் நாளிலிருந்தே ஆள் இருந்தது. முத்துவுக்குக் கவிதைகளைத் திரட்டும் தந்தை வீட்டிலேயே இருந்தார். முரசு நெடுமாறன் தொகுத்த மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம் நூறாண்டுக் கவிதைகளைக் கொண்டு 1997இல் வெளிவந்தது. தமிழில் தட்டச்சு செய்யத் தவித்த ஆசிரியர்களும் பத்திரிகைகளும் இருந்தன. பயன்படுத்தியவர்கள் குறை சொன்னார்கள், குறை தீர்க்கத் தீர்க்கக் கை தேர்ந்தது. திறமையும் விருப்பமும் செலண்டார்ப் பிள்ளைகளுக்கும் உண்டு. அவர்கள் செய்ததை வாங்கிப் பயன்படுத்தி, இது சரியில்லை, திருத்து என்று சொல்ல ஆள்தான் குறைவு.

நாடறிந்த ஓவியர் லாட் கதையிலும் இந்தக் குறை உண்டு. பள்ளிச் சிறுவனாகவே கேலிச்சித்திரம் வெளியிட்டவருக்கு, படம் வரையும் வேலை கேட்டுப் போனபோது கிடைத்தது நிருபர் வேலை. 1970இலிருந்து குற்றச் செய்தி எழுதினார். 1974இல் வேறோர் இதழில் வந்த அவருடைய சித்திரம் ஆசிரியர் கண்ணில் பட்ட பிறகுதான் சொந்த நிறுவனமே அவரை ஓவியராக ஏற்றது. நான்கு ஆண்டு பக்கத்திலேயே இருந்தும் யாரும் பார்க்கவில்லை. நம் இளைஞர்களுக்கு இன்னும் நெருக்கமானவர் ராப் பாடகர் யோகி பி. 2006இல் அவருடைய ‘வல்லவன்’ இசைத்தொகுப்பு வந்தபோது, தமிழில் ராப் எடுபடும் என்று காட்டியது கோடம்பாக்கம் அல்ல, மலேசியா.

இனி நம் ஊருக்கு வருகிறேன். கோயில் திருவிழா வந்தால் பேனர் வடிவமைப்பது யார்? திருமண அழைப்பிதழ், பள்ளி விளையாட்டுப் போட்டியின் சுவரொட்டி, இரங்கல் அறிவிப்பு? பெரும்பாலும் உறவுக்காரப் பையன் ஒருவன் அல்லது பெண் ஒருத்தி, கைப்பேசியிலேயே. “நம்ம பையன்தானே” என்று அவனுக்கு ஒரு காசும் கொடுப்பதில்லை. அச்சடிக்கும் கடைக்குக் கேட்ட பணத்தைக் கொடுக்கிறோம். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் சிதறிய பேனரைக் கோயில் வாசலில் கட்டிவிட்டு யாரும் எதுவும் சொல்வதுமில்லை. இந்த இரண்டும் பிள்ளையின் வளர்ச்சியைக் கெடுக்கின்றன. ஐம்பது ரிங்கிட் கொடுத்து, தப்பைச் சுட்டிக்காட்டித் திருத்திவரச் சொன்னால், அது அவனுக்கு முதல் வேலை அனுபவம். கோயில் நிர்வாகங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் இந்தச் செலவைக் கணக்கில் எழுதத் தயங்க வேண்டியதில்லை.

பள்ளியைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பல்கலைக்கழக நுழைவில் புறப்பாட நடவடிக்கைக்குப் பத்து விழுக்காடு உண்டு. சீருடை இயக்கம், மன்றம், விளையாட்டு என்ற கட்டங்களுக்குள் அது அடங்கிவிடுகிறது. வீட்டு மூலையில் தானே கற்றது அதில் ஏறுவது அரிது. மலாக்காவின் 21 தமிழ்ப்பள்ளிகளும் ஆண்டுக்கு ஓர் இதழை மாணவர் கையாலேயே வடிவமைத்து வெளியிட்டால், அந்தக் கலைக்கு ஓர் இடம் கிடைக்கும், வாசகரும் கிடைப்பார்கள். ஆசிரியர்கள் பிழை திருத்தினால் போதும்.

பள்ளியை முடித்துவிட்ட, சான்றிதழ் எதுவும் இல்லாத இளைஞர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நம்மவர்கள் இதைப் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் வருத்தம். மனிதவள அமைச்சின் கீழ் வழங்கப்படும் எஸ்.கே.எம். என்னும் மலேசியத் திறன் சான்றிதழை, பயிற்சிக் கூடத்தில் சேராமலே முன் அனுபவத்தைக் காட்டியும் பெறலாம். பி.பி.தி. என்று அந்த முறைக்குப் பெயர். தன் துறை அதில் இருக்கிறதா என்று திறன் மேம்பாட்டுத் துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். செய்த வேலைகளைச் சான்றுகளோடு தொகுத்துக் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டாளர் அதைச் சோதிப்பார். அதற்கு, செய்த ஒவ்வொரு பேனரையும் அழைப்பிதழையும் தேதியோடு சேர்த்துவைத்திருக்க வேண்டும், யாருக்காகச் செய்தோம் என்று அவர்கள் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போட வேண்டியவர்கள் கோயில் தலைவரும் தலைமையாசிரியரும் கடைக்காரரும்தான்.