மிருக வைத்தியர் பதில்: நாய்க்கும் சர்க்கரை

லோயர் கேம்ப் வாசகி கேட்கிறார்: "எங்கள் நாய்க்குச் சர்க்கரை வியாதி. இன்ஸுலினைக் கூட்டியும் அடங்கவில்லை. வயிறு தொங்குகிறது, ரோமம் கொட்டுகிறது. டாக்டர் டிரைலோஸ்டேன் மாத்திரை எழுதியிருக்கிறார். இது சர்க்கரைக்கா?"

நேரடியாக அல்ல, அம்மா. சிறுநீரகத்தை ஒட்டியுள்ள அட்ரினல் சுரப்பியில் கார்டிஸால் அளவுக்கு மிஞ்சி ஊறினால், இன்ஸுலினின் ஜம்பம் பலிக்காது. 1936-லேயே அமெரிக்காவில் லாங், லூக்கென்ஸ் என்ற இருவர், கணையம் எடுத்த பூனைகளுக்கு அட்ரினலையும் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை வெகுவாகத் தணிந்தது. பாவம், பூனைகள்! இன்று கத்தி வேண்டாம். மாத்திரையே கார்டிஸால் உற்பத்தியைத் தடுக்கிறது. உங்கள் ஊரில் விளக்கவும் வேண்டுமா? மேலே மதகை இறக்கினால், கீழே பவர் ஹவுஸில் டர்பைன் அடங்கிவிடும்.

ஆபத்தும் அங்கேதான். கார்டிஸால் குறைந்ததும் இன்ஸுலினுக்குப் பலம் வந்துவிடும். பழைய அளவையே போட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கி, நாய் தள்ளாடும்; வலிப்பும் வரலாம். ஆகவே மாத்திரை தொடங்கும் அன்றே ஊசியின் அளவையும் டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். தள்ளாடினால் ஈறில் சிறிது தேன் தடவி, உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுங்கள். வாந்தி எடுத்தாலோ, சோறு தொடாமல் சுருண்டு படுத்தாலோ, அடுத்த மாத்திரை வேண்டாம்; டாக்டர் பார்க்கட்டும்.