ஸ்வீட்மீட்டில் இறைச்சி இல்லை, வேறொன்று இருக்கிறது

பழைய ஆங்கில ஆவணம் ஒன்றை நண்பர்களோடு உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தோம். நடுவில் 'ஸ்வீட்மீட்' என்று ஒரு சொல் வந்தது. "அப்படின்னா இனிப்புக் கறியா?" என்று கேட்டார் ஒரு மாணவி. இரண்டொருவர் சிரித்தார்கள். சிரிக்க ஒன்றுமில்லை, கேள்வி சரியானது.

'மீட்' என்றால் இறைச்சி என்பது பின்னால் வந்த பொருள். பழைய ஆங்கிலத்தில் அது உணவு, எந்த உணவானாலும். பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி எல்லாம் 'வெள்ளை மீட்'. மாட்டுக்குப் போடும் பசுந்தீவனம் 'பச்சை மீட்'. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், லேவியராகமம் 2ஆம் அதிகாரத்தில் வரும் 'மீட்' காணிக்கை, மாவும் எண்ணெயும் கலந்தது. கறி துளியும் கிடையாது. காலப்போக்கில் பொருள் சுருங்கியது. நம் 'நாற்றம்' ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்ததே, அதுபோல. ஆகவே ஸ்வீட்மீட் என்றால் தித்திப்பான தின்பண்டம், அவ்வளவுதான். இங்கிலாந்தில் அந்தச் சொல் வழக்கொழிந்துவிட்டது. இந்திய ஆங்கிலத்தில் மட்டும் மிட்டாய்க்கடைப் பலகைகளில் இன்னும் உயிரோடிருக்கிறது. (வேடிக்கை என்னவென்றால், 'ஸ்வீட்பிரெட்' என்பதுதான் அசல் கறி: கன்றுக்குட்டியின் கணையம்!)

அகராதி இங்கே நின்றுவிடும். நாம் நிற்கக் கூடாது என்பதே எங்கள் கருத்து. ஸ்வீட்மீட் ஆங்கிலேயச் சீமான் வீட்டு விருந்துக்குரிய பண்டம். பழங்களைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து எடுப்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் சர்க்கரை மலிந்து, சாதாரண வீட்டுத் தேநீர் வரை வந்தது. எப்படி மலிந்தது? ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மனிதர்கள் கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் கூலியின்றிச் செத்ததால்.

1791இல் அடிமை வணிகத் தடை மசோதாவை இங்கிலாந்து நாடாளுமன்றம் தோற்கடித்தபோது, மக்கள் சர்க்கரையைப் புறக்கணித்தார்கள். வில்லியம் ஃபாக்ஸ் எழுதிய துண்டறிக்கை வீடு வீடாகப் போனது. சுமார் 3 லட்சம் பேர் சர்க்கரையைக் கைவிட்டதாகத் தாமஸ் கிளார்க்சன் கணக்கிட்டார். வாக்குரிமையே இல்லாத பெண்கள் முன்னின்று நடத்திய போராட்டம் அது. தோழர்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டும்.

ஆனால் அந்தக் கதையில் நமக்கு உறுத்தும் ஓர் இடம் உண்டு. 1820களில் புறக்கணிப்பு மறுபடி எழுந்தபோது, கரீபியன் சர்க்கரைக்கு மாற்றாகக் கிழக்கிந்தியச் சர்க்கரையை வாங்கச் சொன்னார்கள். 'இது அடிமைகள் செய்ததல்ல' என்று பொன்னெழுத்தில் பொறித்த சர்க்கரைக் கிண்ணங்கள் மேசைக்கு வந்தன. அந்தச் சர்க்கரை பெரும்பாலும் வங்காளத்திலிருந்து போனது, நம் வயல்களிலிருந்து அல்ல, அதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதே கம்பெனி ஆண்ட சென்னை மாகாணத்தில் பறையர், பள்ளர் குடும்பங்கள் பண்ணையடிமைகளாக இருந்தன. நிலத்தோடு சேர்த்து மனிதர் கைமாறினார்கள். கம்பெனியின் ஆட்சிப் பகுதியில் அடிமை முறைக்குச் சட்ட ஏற்பு நீங்கியது 1843இல்தான்.

கிண்ணத்தில் எழுதியவர்கள் பொய்யர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. கரீபியன் அடிமை அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தான். தஞ்சாவூர் அடிமை சாதி என்ற பெயரில் இருந்ததால் தெரியவில்லை. அந்தக் கிண்ணங்களில் சில இன்றும் இங்கிலாந்து அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.