பழி மாத்திரைக்கா, மருமகளுக்கா?



வேலை, வீட்டு லோன்னு குழந்தையைத் தள்ளிப்போட்ட பொண்ணைப் பார்த்து, "மாத்திரை போட்டே கர்ப்பப்பையைக் கெடுத்துக்கிட்டா"ன்னு பேசுறாங்களா? அது பொய்.

கருத்தடை மாத்திரை கருமுட்டை வெளிவருவதைத்தான் தடுக்குது. நிறுத்தினால் பழைய சுழற்சி திரும்பிடும். 2009-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், குழந்தைக்காக மாத்திரையை நிறுத்திய பெண்களில் சுமார் 79% பேர் ஓராண்டுக்குள் கருவுற்றார்கள். பல வருஷம் சாப்பிட்டவங்களுக்கும் பாதிப்பு தெரியலை. 'அந்தரா' ஊசின்னா சில மாதம் தாமதமாகலாம். அதுவும் நிரந்தரம் இல்லை.

வாய்ப்பைக் குறைப்பது வயது. ஒரு வருஷம் முயன்றும் தங்கலைன்னா டாக்டரைப் பாருங்க. 35 தாண்டினா 6 மாசத்திலேயே போங்க.

அண்ணா, தம்பி! மனைவியை மட்டும் அனுப்பாதீங்க. நீங்களும் டெஸ்ட் எடுங்க.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மாலா-என்' இலவசம். பி.பி. பார்த்துட்டு, கேட்டு வாங்குங்க. இதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை!