மருத்துவமனைக் குப்பை யார் கணக்கில்?

மருத்துவமனைக்குப் போனால் நோய் குணமாக வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அங்கே பயன்படுத்திய ஊசி, பஞ்சு, ரத்தப் பை எல்லாம் எங்கே போகின்றன என்று கேட்பவர்கள் குறைவு. மேட்டுப்பாளையத்தில் இதைக் கேட்டே ஆக வேண்டும். ஊரை ஒட்டி பவானி ஓடுகிறது. இங்கே கரையில் கொட்டும் மூட்டை சிறுமுகை தாண்டி பவானிசாகர் அணை வரை போகலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1998-லேயே விதிகள் வந்தன, 2016-ல் அவை கடுமையாக்கப்பட்டன. ரத்தம் தோய்ந்த பஞ்சு, அறுத்தெடுத்த உறுப்பு, காலாவதியான மருந்து மஞ்சள் பையில். பிளாஸ்டிக் குழாய்கள், ஊசி கழற்றிய சிரிஞ்சுகள் சிவப்புப் பையில். ஊசி, பிளேடு துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில். கண்ணாடி நீலப் பெட்டியில். ரத்தம் தோய்ந்த பஞ்சு, அறுத்தெடுத்த உறுப்பு போன்றவற்றை 48 மணி நேரத்துக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது. பொது சுத்திகரிப்பு நிலையத்தின் வண்டி வந்து எடுத்துப் போகும். அங்கே மஞ்சள் பை எரிக்கப்படும். எரிகலனின் முதல் அறையில் குறைந்தது 800 டிகிரி, இரண்டாவதில் 1050 டிகிரி அளவுக்கு வெப்பம் வேண்டும். சிவப்புப் பையில் உள்ளவை நீராவியில் கிருமி நீக்கி, தூளாக்கி, மறுசுழற்சிக்குப் போகும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. மருத்துவமனைக் குப்பையில் சுமார் 85 சதவீதம் சாதாரணக் குப்பைதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீதி 15-தான் ஆபத்தானது. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் நூறும் ஆபத்தாகிவிடும். எனவே கழிவு மேலாண்மை எரிகலனில் தொடங்குவதில்லை. நர்ஸ் ஊசியைப் போட்டுவிட்டு எந்த டப்பாவைத் திறக்கிறார் என்பதில் தொடங்குகிறது.

பிரித்த பிறகும் முறையாக அகற்றப் பணம் வேண்டும். அதை மிச்சம் பிடிக்க நினைத்தால் என்ன ஆகும் என்பதை 2024 டிசம்பரில் நெல்லை காட்டியது. திருவனந்தபுரம் மருத்துவமனைகளின் கழிவு நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் கொட்டிக் கிடந்தது. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரள அரசு லாரிகளை அனுப்பி அள்ளிச் சென்றது. யாரோ மிச்சம் பிடித்த செலவு கடைசியில் மக்கள் வரிப்பணத்தில் விழுந்தது. 2025-ல் தமிழக அரசு இப்படிக் கொட்டுவோரைக் குண்டர் சட்டத்தில் கொண்டு வந்தது. நல்லதுதான். ஆனால் தண்டனை கொட்டிய பிறகுதான் வரும்.

அதற்கு முன்பே செய்ய வேண்டியது உண்டு. பெரிய மருத்துவமனைகளைப் போலவே தெருமுனை கிளினிக்கையும் லேபையும் அதிகாரிகள் சோதிக்க வேண்டும். வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களின் ஊசியை மருந்துக் கடைகளே திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் அந்த ஊசி குத்தப்போவது, கையுறை கூட இல்லாமல் குப்பையைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலில்தான்.