உறுதி என்றொரு சொல்

பல் மருத்துவ விளம்பரங்களில் ‘உறுதியானது’ என்ற சொல்லைக் காணும்போதெல்லாம் எனக்குச் சற்றே எரிச்சல் உண்டாகிறது. தாடை எலும்பில் பதிக்கும் உள்வைப்புகள் (இம்பிளாண்ட் என்றால்தான் பலருக்கும் விளங்கும்) டைட்டானியத்துக்குப் பதிலாக வெண்ணிறச் சிர்க்கோனியாப் பீங்கானிலும் வருகின்றன. எவ்வகையில் உறுதி என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. தமிழில் கடினம் வேறு, முறியாமை வேறு. கண்ணாடி கடினமானது, மூங்கில் அப்படியல்ல. கைதவறி விழுந்தால் எது உடையும் என்பது குழந்தைக்கும் தெரியும்.

ஒத்தக்கடையில் நின்று யானைமலையைப் பார்ப்பவருக்குக் கல்லைவிட உறுதியான பொருள் உலகில் இல்லையென்றே தோன்றும். ஆனால் அங்கிருந்து வடகிழக்கே மேலூர் வட்டாரத்துக் கல் தொழிலாளர்கள் அறிந்த உண்மை வேறு. வரிசையாகத் துளையிட்டு, ஆப்பு இறக்கி, சம்மட்டியால் மாறிமாறித் தட்டினால் பாறை அந்தக் கோட்டிலேயே பிளந்துவிடும். அமுக்கினால் அசையாத கல், இழுவிசைக்கு முன் தோற்றுப்போகிறது. பீங்கானின் இயல்பும் இதுவே.

சிர்க்கோனியா இதில் ஒரு விதிவிலக்கு. விரிசலின் முனையில் உள்ள படிகங்கள் வடிவம் மாறி, ஏறத்தாழ 4 விழுக்காடு பருத்து, விரிசலை நெருக்கி நிறுத்துகின்றன. 1975இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் கார்வியும் அவருடைய இரு தோழர்களும் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதியபோது ‘பீங்கான் எஃகா?’ என்ற பொருள்படத் தலைப்பிட்டார்கள். கேள்விக்குறி அவர்கள் இட்டதுதான். விளம்பரத்துக்கு வந்து சேர்வதற்குள் அது உதிர்ந்துவிட்டது.

அந்தப் படிக மாற்றத்தை ஈரமும் மெல்லத் தூண்டிவிடும் என்பதை 1981இல் ஜப்பானில் கோபயாஷி குழுவினர் காட்டினார்கள். 2001இல் சிர்க்கோனியாவால் செய்த இடுப்பு மூட்டுப் பந்துகள் பல நோயாளிகளின் உடலுக்குள்ளேயே உடைந்தன. பிரெஞ்சுத் தயாரிப்பாளர் அவற்றைத் திரும்பப் பெற நேர்ந்தது. சுடும் உலையை மாற்றியதுதான் தொடக்கம் என்றார்கள். இன்றைய பல் சிர்க்கோனியா மேம்பட்டதே, மறுக்கவில்லை. ஆனால் வாய் என்பது எந்நேரமும் ஈரமான இடம் அல்லவா?

உள்வைப்புகளுக்கென்று ஐஎஸ்ஓ 14801 என்ற சோதனை இருக்கிறது. எலும்பு 3 மில்லிமீட்டர் தேய்ந்ததாகக் கொண்டு, 30 பாகை சாய்வில், உலர்நிலையில் 50 லட்சம் முறைவரை அழுத்திப் பார்க்கிறார்கள். வடிவங்களை ஒப்பிட இது உதவும். முறுக்கும் சீடையும் கடிக்கும் வாயில் எத்தனை ஆண்டு தாங்கும் என்று சொல்லாது. டைட்டானியம் பெரும்பாலும் வளைந்தோ திருகு தளர்ந்தோ முன்னறிவிப்புத் தரும். பீங்கான் சொல்லாமல் முறியும். எலும்புக்குள் தங்கிய பகுதியைக் குடைந்துதான் எடுக்கவேண்டும். டைட்டானிய வேரின்மேல் சிர்க்கோனியாத் தாங்கியைப் பொருத்தினாலோ கடினமானது மென்மையானதைத் தேய்க்கிறது. உயரம் சரியில்லையென்று மருத்துவர் பீங்கானை ராவும் ஒவ்வொரு கீறலும் ஒரு விரிசலுக்கு வித்தாகலாம்.

ஈறு மெலிந்த முன்பல் வரிசையில் டைட்டானியத்தின் சாம்பல் நிறம் நிழலாகத் தெரியும். அங்கே பீங்கான் தாங்கியை நானும் ஏற்பேன். கடைவாய்க்கு மாட்டேன். பிரானெமார்க் 1965இல் முதல் நோயாளிக்குப் பொருத்தியதிலிருந்து டைட்டானியத்துக்குச் சேர்ந்திருக்கும் நீண்ட அனுபவம் இன்றைய சிர்க்கோனிய வேர்களுக்கு இன்னும் வாய்க்கவில்லை. முறிந்தால் எப்படி எடுப்பீர்கள், அதற்கான செலவு யாருடையது என்று நாற்காலியில் சாய்வதற்கு முன்பே கேட்டுவிடலாம். விளம்பரத் துண்டுத்தாளில் அந்த இரண்டு வரிகளுக்குத் தாராளமாக இடமிருக்கிறது.