மேடையில் ஒரு பாட்டாவது நம்ம பையன்களுடையதாக இருக்கட்டும்

மாத்தளைப் பையன்களுக்கு ஒரு ராக் பாட்டு வேண்டும் என்றால் கோயில் கமிட்டிக்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது என் தொழில். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் நின்று கேட்டதைத்தான் சொல்கிறேன்.

போன வருடம் ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மைக் சோதனை. கிற்றார் வாசிக்கும் தம்பி, சனம் வருமுன் பெடலை மிதித்துத் தான் எழுதிய பாட்டைப் பாடினான். கடைசி பஸ் போய்விட்டது, கடைத் திண்ணையில் ஒரு போனைச் சுற்றி நாலு பேர், ரீலோட் முடிந்துவிட்டது, நாளைக்கும் இதேதான். அவ்வளவுதான் பாட்டு. இரண்டே கோர்டில் கிற்றார் கரகரவென்று சுற்றிச் சுற்றி வந்தது, லயத்து மாலைப்பொழுது மாதிரியே. தபேலாவும் கீபோர்டும் சேர்ந்தால் அந்தச் சலிப்பைத் தாலாட்டித் தூங்கவைத்துவிடும். கிற்றாரில் அது உறைத்தது. நிகழ்ச்சி தொடங்கியதும் அவன் வாசித்ததெல்லாம் சென்னை சினிமாப் பாட்டு. கமிட்டி கொடுத்த லிஸ்ட் அது.

நமக்குப் பாட்டுக்குப் பஞ்சமில்லை. தோட்டத்துச் சனங்களின் வாய்ப்பாட்டைச் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்து வைத்தார். 2023இல், மலையகத்தார் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து நடந்தவர்கள் வந்து சேர்ந்ததும் மாத்தளைக்குத்தான். முன்னோர் அந்த வழியே நடந்து வந்த வேதனையைப் பாடுகிறோம், பாடத்தான் வேண்டும். ஆனால், சாதாரண தரம் எழுதிவிட்டு, கொழும்புக் கடைக்கோ கட்டாருக்கோ போகும்வரை ஒரு பையன் சும்மா உட்கார்ந்திருக்கும் மாதங்களை யார் பாடுவது? "சோம்பேறி" என்று பெரியவர்கள் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது. மைதானம் கிடையாது, நூலகம் டவுனில், இருட்டினால் பஸ் கிடையாது. இப்படி ஓர் இடத்தில் வைத்துவிட்டு அவனைக் குறை சொல்வது என்ன நியாயம்?

இந்தத் தவிப்பும் பாட்டாகும். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ஃப்ரீஹோல்ட் என்ற சின்ன ஊரில், பஸ் ஓட்டியும் பிழைத்த ஒருவரின் மகன் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். ஊரைவிட்டுத் தப்பிக்கத் துடிக்கும் இளசுகளைப் பற்றி 1975இல் அவர் பாடிய 'போர்ன் டு ரன்' உலகமெல்லாம் போனது. அந்தப் பாட்டுக்கும் திண்ணையும் தெருவும்தான் மூலதனம். ரத்தோட்டைத் தம்பியிடமும் அதுதான் இருக்கிறது.

மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் தேர் ஓடும். அதையொட்டித் தோட்டங்களிலும் திருவிழா தொடங்கும், இசைக்குழுக்களுக்கு லிஸ்ட் போகும். அதில் ஐந்து நிமிடம், ஊர்ப் பையன் எழுதிய பாட்டு ஒன்றுக்கு ஒதுக்குங்கள். சத்தம் கூடினால் குறைக்க நான் மிக்ஸரடியில் இருப்பேன். அப்படி ஒரு பாட்டு லிஸ்டில் இருக்கும் கோயிலுக்கு அந்த இரவு பாதி வாடகை போதும்.