வாசலை மறிக்கும் கம்பம்: யார் பணம் கட்டுவது?



சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை பக்கம் இப்போது வீடு கட்டுகிறவர்கள் கார் நிறுத்தவும் இடம் விடுகிறார்கள். கேட் மாட்டிய பிறகுதான் சிலருக்குத் தெரிகிறது, நேர் எதிரே மின்கம்பம் நிற்பது. உடனே இ.பி.காரர்கள் மேல் கோபம். ஆனால் இதில் இரண்டு கணக்கு இருக்கிறது. ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

முதல் கணக்கு: கம்பம் முன்பே இருந்தது, நாம் பிறகு கேட் வைத்தோம். தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்புப்படி, இடம் மாற்றும் செலவு முழுவதையும் கேட்பவரே முன்பணமாகக் கட்ட வேண்டும். பழைய இடத்தில் பிரிக்கும் கூலி, எடுத்துச் செல்லும் செலவு, புதிய இடத்தில் நடும் கூலி, புதுப் பொருட்களின் விலை எல்லாம் எஸ்டிமேட்டில் வரும். இது நியாயம்தான். என் வீட்டுக் காருக்காக ஊரார் ஏன் பணம் கட்ட வேண்டும்? வரைபடம் போடும்போதே தெருவில் இறங்கிப் பார்த்து, கேட்டை நாலடி தள்ளி வைத்தால் செலவே இல்லை.

இரண்டாவது கணக்கு: வீடும் கேட்டும் முன்பே இருந்தன, கம்பம் பிறகு வந்தது. இங்கேதான் எனக்கு மாற்றுக் கருத்து. நம் பட்டா நிலத்தில் கம்பம் நடுவதென்றால், 2006-ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி பொதுவாக நம் சம்மதம் வேண்டும். நாம் மறுத்தால் மாவட்ட ஆட்சியரின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். நட்ட பிறகும், தக்க காரணம் காட்டினால் அதை அகற்றவோ மாற்றவோ ஆட்சியர் உத்தரவிடலாம். தெருவோரம் நம் நிலம் இல்லையே என்பீர்கள். அதற்கும் 2003 மின்சாரச் சட்டம் 67-ஆவது பிரிவு, இடைஞ்சலை இயன்ற அளவு குறைத்தே வேலை செய்ய வேண்டும் என்கிறது. இருக்கிற வாசலை மறித்து நட்டுவிட்டு, மாற்றுவதற்கு வீட்டுக்காரரிடமே பணம் கேட்டால் அது முறையா? யார் முந்தி வந்தார் என்று பார்த்து, பிந்தி வந்தவர் செலவை ஏற்பதே சரி.

2022-இல் வேலூரில், நிறுத்தியிருந்த பைக்கை நகர்த்தாமலே சிமென்ட் சாலை போட்ட படத்தைப் பார்த்துச் சிரித்தோம். கம்பம் விஷயமும் அதே ரகம்தான். குழி தோண்டும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். நாமும் குழி தோண்டும் அன்றே பிரிவு அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கி வைக்க வேண்டும். பதில் வராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது. பணத்தை யார் கையிலும் கொடுக்காதீர்கள், ரசீது முக்கியம்.

இன்னும் இரண்டு விஷயம். வண்டி நுழைய இடம் போதவில்லை என்று ஸ்டே கம்பியைத் தளர்த்துவதோ அறுப்பதோ வேண்டவே வேண்டாம். கம்பத்தைப் பிடித்து நிறுத்துவதே அதுதான். கம்பம் சாய்ந்திருந்தால் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

மாற்றக் கேட்கும்போது, கம்பம் எங்கே போகப் போகிறது என்பதையும் கேளுங்கள். இரண்டு வீடுகளுக்கு நடுவே, எல்லைச் சுவர் ஓரமே நல்ல இடம். நம் வாசலை விட்டுப் போன கம்பம் பக்கத்து வீட்டு வாசலில் நின்றால், தொல்லை தீரவில்லை, கைமாறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த வீட்டிலும் ஒரு நாள் ஆம்புலன்ஸ் உள்ளே வர வேண்டியிருக்கும்.

உங்கள் தெருவில் நிலைமை எப்படி? எழுதுங்கள்.